ஐரிஷ், ஞேங்காத்து சொற்களின் வேரைத் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஐரிஷுக்கும் ஞேங்காத்துவுக்கும் எந்த உறவும் கிடையாது. ஐரிஷ் அயர்லாந்தின் கெல்டிக் மொழி. ஞேங்காத்து, பிரேசிலில் ரியோ நெக்ரோ ஆற்றின் மேல்பகுதியில் பேசப்படும் துப்பி-குவாரானி குடும்பத்து மொழி. இரண்டையும் ஒரே வழிகாட்டியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் சொல்லின் முதலெழுத்து நிலையாக நிற்காது. இரண்டிலும் வெளியார் மொழிகள் அடுக்கடுக்காக வந்து படிந்திருக்கின்றன. ஆனால் சான்றுகள் நேர் எதிர். ஐரிஷுக்கு 1,500 ஆண்டு எழுத்து இருக்கிறது. எதை விடுவது என்று திணற வேண்டியிருக்கும். ஞேங்காத்துவின் மூதாதை மொழிக்கு எழுத்துச் சான்று 16ஆம் நூற்றாண்டில்தான் தொடங்குகிறது, அதையும் பெரும்பாலும் பாதிரியார்களே எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் பழகினால், ஒரு சொல்லைப் பற்றி எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்ற அளவு கைவந்துவிடும்.

சொற்களைக் காதில் விழுவதற்கு நெருக்கமாகத் தமிழில் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்கிறேன். 'ஞேங்காத்து' என்று ஞகரம் போட்டு எழுதுவதுதான் சரி. போர்த்துக்கீசியர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் அந்த ஒலிக்கு நம்மிடம் ஒரே எழுத்து தயாராக இருக்கிறது.

தொடங்கும் முன்: யார், எப்போது வந்தார்கள்?

வேர் தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது அகராதி அல்ல, காலவரிசை. எந்த மொழிக்காரர் எப்போது வந்தார் என்று தெரியாமல் கடன்சொல்லைப் பற்றிப் பேச முடியாது.

ஐரிஷின் மிகப் பழைய சான்று ஓகம் கற்கள். கல்லின் விளிம்பில் கோடு கோடாகச் செதுக்கிய எழுத்து. சுமார் 400 கற்கள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் ஆட்பெயர்கள்தான். 4ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்குகிறது. 5ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தோடு லத்தீன் வந்தது. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் ஐரிஷ் துறவிகள் லத்தீன் ஏடுகளின் வரிகளுக்கு இடையே தங்கள் மொழியில் உரைக்குறிப்பு எழுதினார்கள். அந்த ஏடுகள் இன்று வூர்ட்ஸ்பர்க், மிலான், சாங்க்ட் கால்லன் ஆகிய ஊர்களில் இருக்கின்றன. 795இல் வைக்கிங்குகளின் தாக்குதல் தொடங்கியது. 841இல் டப்ளினில் தளம் அமைத்தார்கள். 1169இல் நார்மன்கள் வந்தார்கள். அப்புறம் ஆங்கிலம்.

ஞேங்காத்துவின் கதை வேறு. பிரேசிலின் மரஞ்ஞாவ், பாரா கடற்கரைகளில் இருந்த துப்பினம்பா மக்களின் மொழியை 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினர் தங்கள் குடியிருப்புகளின் பொதுமொழி ஆக்கினார்கள். அது ஆற்றோடு உள்நாட்டுக்குள் போய், வேறு குடும்பத்து மொழிகளைப் பேசியவர்களின் வாயிலும் ஏறியது. 1757இல் போர்த்துக்கல் அமைச்சர் போம்பாலின் ஆட்சி போட்ட ஆணை போர்த்துக்கீசியத்தையே பேச வேண்டும் என்றது. 1759இல் இயேசு சபையே வெளியேற்றப்பட்டது. மொழி அத்தோடு ஒழிந்துவிடவில்லை. 1835 முதல் 1840 வரை நடந்த கபானாஜெம் கிளர்ச்சியின் உயிரிழப்பும், பிறகு ரப்பர் காலத்தில் வடகிழக்கிலிருந்து வந்து குவிந்த போர்த்துக்கீசியம் பேசுவோரும்தான் அதை ஒதுக்கினார்கள். இன்று மேல் ரியோ நெக்ரோவில் பாரே, பனிவா, வெரெக்கேனா மக்களிடம் நிற்கிறது. பாரே மக்களின் பழைய மொழி அரவாக் குடும்பத்தைச் சேர்ந்தது. பாதிரியார்கள் கொண்டுவந்த மொழி இன்று அவர்களின் அடையாளம் ஆகிவிட்டது. 2002இல் சாவ் கேப்ரியேல் த கஷோய்ரா நகராட்சி, துக்கானோ, பனிவாவோடு ஞேங்காத்துவையும் ஆட்சிமொழி ஆக்கியது. 2023இல் பிரேசில் அரசியல் சட்டத்தின் ஞேங்காத்து மொழிபெயர்ப்பு அங்கேயே வெளியிடப்பட்டது.

படி 1: சொல்லின் தலையைச் சரிசெய்யுங்கள்

தமிழில் புணர்ச்சி என்றால் பெரும்பாலும் இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் நடப்பது. முதலெழுத்தை நம்பி அகராதியைத் திறக்கலாம். இந்த இரண்டு மொழிகளிலும் அப்படித் திறந்தால் சொல் அங்கே இருக்காது.

ஐரிஷில் பெண் 'பான்'. 'அந்தப் பெண்' என்று சொல்ல 'அன்' சேர்த்தால் 'அன் வான்'. எழுத்தில் முதலெழுத்துக்குப் பின்னால் ஒரு எச் நுழையும், ஒலி மெலியும். இதற்கு ஷேவூ என்று பெயர். சொல்லின் இரண்டாவது எழுத்து எச் ஆக இருந்தால் அதைத் தூக்கிவிட்டுத் தேடுங்கள். கிட்டத்தட்ட எப்போதும் வேலை செய்யும். இன்னொரு மாற்றம் உரூ. இதில் முதலெழுத்துக்கு முன்னால் இன்னொரு மெய் வந்து உட்கார்ந்துகொள்ளும். படிப்பது வந்து உட்கார்ந்ததை, தேட வேண்டியது அதற்கு அடுத்ததை. ஊர்ப்பெயர்களில் இது பளிச்சென்று தெரியும். டப்ளினின் ஐரிஷ் பெயர் 'பாலெ' என்று தொடங்கும். 'டப்ளினில்' என்னும்போது 'மாலெ' ஆகிவிடும். ஆனால் எழுதும்போது எம் சிறிய எழுத்தாகவும் அடுத்து வரும் பழைய முதலெழுத்து பெரிய எழுத்தாகவும் நிற்கும். சொல்லின் நடுவே பெரிய எழுத்தைப் பார்த்தால் அதுதான் உண்மையான தலை. சில இடங்களில் முன்னால் ஒரு டி ஒட்டும், அதையும் கழற்றிவிடுங்கள்.

இவையெல்லாம் விதிக்குள் அடங்கும். அடங்காதவையும் உண்டு. 'பான்' என்பதன் பன்மை 'ம்னா'. இதற்கு எந்தத் தந்திரமும் உதவாது, மனப்பாடம்தான்.

ஞேங்காத்துவில் உறவைப் பொறுத்துத் தலை மாறும். வீடு 'உக்கா'. என் வீடு 'செ ருக்கா'. அவர் வீடு 'சுக்கா'. கண் பொதுவாகச் சொன்னால் 'தெசா', என் கண் 'செ ரெசா', அவர் கண் 'செசா'. எல்லாச் சொல்லுக்கும் இப்படி வராது, ஒரு வகைச் சொற்களுக்கு மட்டும்தான். பழைய அகராதிகள் இவற்றில் எந்த வடிவத்தின் கீழ் வைத்திருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் த, ர, ச மூன்றிலும், முதலெழுத்தே இல்லாமலும் தேடிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் 'ருக்கா'வும் 'சுக்கா'வும் வேறு வேறு சொற்கள் என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

படி 2: பழைய எழுத்துக்கூட்டலுக்குப் போங்கள்

ஐரிஷ் எழுத்துமுறை 1940களில் சுருக்கப்பட்டு, 1958இல் அதிகாரபூர்வத் தரம் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லது, வேர் தேடுகிறவருக்குத் தொல்லை. 'சீல்' என்ற சொல்லுக்கு வாழ்க்கை, உலகம் என்று பொருள். இன்றைய வடிவத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. பழைய எழுத்துக்கூட்டலில் அதன் நடுவே ஜி-யும் எச்-சும் உண்டு. ஒலி தேய்ந்தாலும் எழுத்தில் இருந்த அந்த மெய்தான் வழிகாட்டி: லத்தீனின் 'சேகுலும்', அதாவது தலைமுறை, யுகம். நடுவில் இருந்த ககரம் முதலில் மெலிந்தது, பிறகு மறைந்தது. 1958க்கு முந்தைய அகராதி ஒன்று பக்கத்தில் இல்லாமல் ஐரிஷ் வேர் தேடாதீர்கள்.

ஞேங்காத்துவில் சிக்கல் தலைகீழ். சுருக்கிய எழுத்துமுறை என்று ஒன்று இல்லை. ஆளுக்கொரு முறை இருக்கிறது. போர்த்துக்கீசியர் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள், இத்தாலியர் தங்கள் வழக்கப்படி எழுதினார்கள், இன்றைய ஆசிரியர்களிடையே இன்னும் இரண்டு மூன்று முறைகள் புழங்குகின்றன. யகரத்துக்கு ஒய், ஐ, ஜே. வகரத்துக்கு டபிள்யூ, யூ. ககரத்துக்கு கே, சி, கியூ என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 3: அகராதிகளைச் சரியான வரிசையில் திறங்கள்

ஐரிஷுக்கு, இன்றைய பொருளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முதலில் நீல் ஓ டோனலின் 1977 அகராதி. ட்யாங்லன் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அடுத்து பாட்ரிக் டினீன். 1904இல் முதலில் வந்தது, 1927இல் பெரிதாக்கிய பதிப்பு. பழைய எழுத்துக்கூட்டலும், வட்டாரத்துக்கே உரிய விசித்திரமான பொருள்களும் நிறைந்தது. வேலையில்லாத மாலையில் சும்மா புரட்டக்கூடிய அகராதி என்றால் எனக்கு இதுதான். கடைசியாக ராயல் ஐரிஷ் அகாடமியின் பேரகராதி. 1913இல் தொடங்கி 1976இல் முடிந்தது. முதல் பகுதி ஏ-யில் தொடங்காமல் டி எழுத்தில் வெளிவந்தது. பழைய, இடைக்கால ஐரிஷுக்கு இதுவே ஆதாரம். இ-டில் என்ற பெயரில் இணையத்தில் இருக்கிறது. ஒரு சொல் எந்த ஏட்டில், எந்தப் பொருளில் வந்தது என்று மேற்கோளோடு காட்டும்.

ஞேங்காத்துவுக்கு முன்னிருந்து பின்னாக வாருங்கள். பழைய துப்பிக்கு, அதாவது ஞேங்காத்துவின் மூதாதை மொழிக்கு, ஜோசே தெ அஞ்சியெத்தாவின் இலக்கணம், 1595இல் கோயிம்ப்ராவில் அச்சானது. பழைய துப்பிச் சொற்களுக்கு எதுவார்தோ நவாரோவின் 2013 அகராதி எளிதாகப் பயன்படும். 19ஆம் நூற்றாண்டு ஞேங்காத்துவுக்கு கோத்தோ தெ மகல்யாயின்ஸ் 1876இல் வெளியிட்ட பாடங்களும் கதைகளும் உண்டு. பிறகு எர்மான்னோ ஸ்த்ராதெல்லி. அமேசானில் வாழ்ந்த இத்தாலியப் பிரபு. அவர் 1926இல் இறந்தார், சொற்களஞ்சியம் 1929இல்தான் வந்தது. சொல்லோடு சடங்கு, கதை, மீன்பிடி எல்லாவற்றையும் சேர்த்து எழுதியிருப்பார். பொருளுக்கு அருமையான நூல். வேரைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பக்கத்திலேயே ஒரு குவாரானி அகராதியும் இருக்கட்டும். பராகுவேயின் குவாரானி பழைய துப்பிக்கு நெருங்கிய சொந்தம். இரண்டிலும் ஒரே சொல் இருந்தால் அது போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே இருந்தது என்று ஓரளவு நம்பலாம்.

படி 4: பிரிக்க முடிந்தால் பிரியுங்கள்

ஞேங்காத்துவில் இந்தப் படிதான் பாதி வேலையை முடித்துவிடும். மொழியின் பெயரே 'ஞேங்கா' (பேச்சு), 'காத்து' (நல்ல) என்று பிரியும். சில ஒட்டுகளைத் தெரிந்துகொண்டால் போதும். 'வசு' பெரியது. 'மிரிம்' சிறியது. 'ரானா' அதுபோன்றது, ஆனால் அது அல்ல. 'எத்தே' உண்மையானது. 'வேரா' முன்பு அதுவாக இருந்தது.

'சுவசுரானா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'சுவசு' மான். மானைப் போன்றது, ஆனால் மான் அல்ல. அது பூமா. அதன் தோலின் நிறம் மானின் நிறம். காட்டில் அரைகுறையாகப் பார்த்தால் மான் என்றே தோன்றும். போர்த்துக்கீசியத்திலும் பூமாவுக்கு இந்தச் சொல் வழங்குகிறது. 'இகராப்பே' என்றால் ஓடை. 'இகரா' என்பது மரத்தோணி, 'ராப்பே' என்பது படி 1இல் பார்த்த ரகரம் ஏறிய 'பே', அதாவது பாதை. தோணிப் பாதை. 'பிரருக்கு' என்ற பெரிய ஆற்றுமீனில் 'பிரா' மீன், 'உருக்கு' செந்நிறச் சாயம் தரும் விதை. அதன் வால்பக்கச் செதில்களைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை.

ஐரிஷில் பிரிப்பது அவ்வளவு பயன் தராது. 'ஈன்' என்ற சிறுமைப் பின்னொட்டு மட்டும் எங்கும் வரும். 'காலீன்' (சிறுமி, பெண்) என்பது 'காலெ' என்ற சொல்லோடு அது சேர்ந்தது. வெளிப்படையான கூட்டுச்சொற்களில் உலகுக்கே தெரிந்தது 'இஷ்கெ பாஹா'. 'இஷ்கெ' நீர், 'பாஹா' உயிருக்குரிய. லத்தீனில் சாராயத்தை 'உயிர்நீர்' என்றார்கள், ஐரிஷ்காரர்கள் அதைத் தங்கள் சொல்லில் சொன்னார்கள். ஆங்கிலம் இரண்டாவது சொல்லைக் கழற்றிவிட்டு முதல் சொல்லை மட்டும் விஸ்கி ஆக்கியது.

படி 5: ஒலிச் சோதனை

இதுதான் முக்கியமான படி, கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஐரிஷுக்கு நான் பரிந்துரைப்பது பகரச் சோதனை. 'பப்பாளி' என்பதில் முதலில் வரும் வல்லின ஒலியைச் சொல்கிறேன். கெல்டிக் மொழிகள் இந்தோ-ஐரோப்பியப் பகரத்தை எழுதப்படாத காலத்திலேயே இழந்துவிட்டன. அதனால் லத்தீனில் 'பாட்டர்' ஐரிஷில் 'அஹர்' (தந்தை). 'பிஸ்கிஸ்' 'ஈஅஸ்க்' (மீன்). 'ப்ளேனுஸ்' 'லான்' (நிறைந்த). இவை கடன் அல்ல, கூடப்பிறந்தவை. பகரம் காணாமல் போயிருந்தால் சொல் பரம்பரைச் சொத்து.

பிறகு கிறிஸ்தவம் வந்தபோது ஐரிஷ்காரர்களின் வாயில் பகரமே இல்லை. லத்தீன் சொல்லில் அது வந்தால் தங்களிடம் இருந்த ககரத்தை வைத்துச் சமாளித்தார்கள். 'பாஸ்கா' (உயிர்ப்பு விழா) 'காஷ்க்' ஆனது. 'புர்புரா' (ஊதா) 'கொர்க்ரா' ஆனது. 'ப்ளாந்தா' (நாற்று, தளிர்) 'க்ளான்' ஆகி, குழந்தைகள், சந்ததி என்ற பொருளுக்குப் போனது. ஆங்கிலத்துக் 'க்ளான்' (குலம்) இங்கிருந்து முளைத்ததுதான்.

கொஞ்ச காலத்தில் பகரம் பழகிவிட்டது. அதற்குப் பின் வந்த சொற்களில் அது அப்படியே நிற்கிறது. 'பொபுலுஸ்' 'பொபல்' (மக்கள்), 'பெக்காத்தும்' 'பாக்கா' (பாவம்). எனக்கு இந்த அடுக்கில் பிடித்தது 'போக்', முத்தம். லத்தீனில் 'பாக்கெம்' என்றால் சமாதானம். திருப்பலியில் சமாதானத்தின் அடையாளமாக ஒருவருக்கொருவர் முத்தமிடும் வழக்கம் இருந்தது. சடங்கின் பெயர் செயலுக்கு ஒட்டிக்கொண்டது. சடங்கு மறந்த பிறகும் காதலர்கள் அந்தச் சொல்லை விடவில்லை.

ஆக, பகரம் இல்லையா, ககரமாகியிருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்த்தாலே ஒரு சொல் எந்தக் காலத்தில் ஐரிஷுக்குள் வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். பகரத்தில் தொடங்கும் ஐரிஷ் சொல் கிட்டத்தட்ட எல்லாமே எப்போதோ வெளியிலிருந்து வந்தவை.

மற்ற அடுக்குகளை இவ்வளவு நுட்பமாகப் பார்க்க வேண்டியதில்லை, பொருளே காட்டிக்கொடுக்கும். வைக்கிங்குகள் கடலும் வணிகமும் கொண்டுவந்தார்கள். 'மரகெ' (சந்தை), 'பிங்கின்' (காசு) அவர்களுடையவை. 'ஃபின்யோக்' (ஜன்னல்) அவர்களின் நார்ஸ் மொழியில் 'காற்றின் கண்' என்ற சொல்லிலிருந்து வந்தது. நார்மன் பிரெஞ்சிலிருந்து 'ஷோம்ரா' (அறை), 'கர்சூன்' (பையன்).

ஞேங்காத்துவுக்கு லகரச் சோதனை. பழைய துப்பியில் லகரமும் ஃபகரமும் கிடையாது. கந்தாவோ என்ற போர்த்துக்கீசியர் 1576இல் இதை வைத்து ஒரு சிலேடை செய்தார்: இந்த மொழியில் எஃப், எல், ஆர் இல்லை, ஆகவே இவர்களுக்கு மதமும் சட்டமும் அரசனும் இல்லை. மூன்று சொற்களும் போர்த்துக்கீசியத்தில் அந்த எழுத்துகளில் தொடங்குகின்றன. சாமர்த்தியமான வாக்கியம், மட்டமான மொழியியல். மென்மையான ரகரம் துப்பியில் தாராளமாக இருந்தது. கடன் வாங்கியபோது லகரமும் டகரமும் அந்த ரகரத்துக்குத்தான் போயின. 'கவாலு' (குதிரை) 'கவரு'. 'பபேல்' (காகிதம்) 'பப்பேரா'. 'சோல்டாடு' (படைவீரர்) 'சுராரா'. 'க்ரூஸ்' (சிலுவை) 'குருசா'. இப்படி நன்றாகத் தேய்ந்து உருமாறிய சொல் பழைய கடன். போர்த்துக்கீசிய ஒலியோடு அப்படியே நிற்கும் சொல் அண்மையில் வந்தது. நமக்கு ஜன்னலும் சாவியும் கொடுத்த அதே போர்த்துக்கீசியர்தான், அதனால் இந்தத் தேய்மானம் நமக்குப் புதிதில்லை.

பழைய துப்பியிலிருந்து ஞேங்காத்துவுக்கு வரும்போது நேர்ந்த மாற்றங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓகாரம் உகரமாகும்: 'ஒக்கா' (வீடு) 'உக்கா' ஆனது. உதட்டு ஒலியான மெல்லிய பகரம் வகரமாகும். கூடவே, துப்பியில் ஒரு நடு உயிர் இருந்தது. நாம் பேசும்போது 'பந்து', 'அது' என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்குக் கிட்டத்தட்டப் பக்கம். அது ஞேங்காத்துவில் இகரம் ஆகிவிட்டது. நிலத்துக்கு இன்று 'இவி', வானத்துக்கு 'இவாக்கா'. இரண்டிலும் இந்த இரு மாற்றங்களும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

படி 6: பொருள் எப்படி நகர்ந்தது என்று கேளுங்கள்

ஒலி சரியாக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சுவாரசியமே இங்கேதான் தொடங்குகிறது.

ஞேங்காத்துவில் 'யவரா' என்றால் நாய். பழைய துப்பியில் அது காட்டின் பெரும்புலியைக் குறித்தது. ஐரோப்பியர் வழியாக உலகெங்கும் போன 'ஜாகுவார்' அதுவே. போர்த்துக்கீசியர் நாய்களோடு வந்து இறங்கினார்கள். நான்கு கால், கோரைப்பல், இறைச்சி தின்கிறது. இதுவும் ஒரு யவரா என்றார்கள். நாய் ஊருக்குள்ளேயே இருந்தது, புலி எப்போதாவதுதான் கண்ணில் பட்டது. தினமும் புழங்குவது பெயரைப் பிடித்துக்கொள்ள, பழைய சொந்தக்காரருக்கு 'உண்மையான' என்ற ஒட்டைச் சேர்க்க வேண்டியதாயிற்று: 'யவரெத்தே'. குவாரானியிலும் இதே கதை. அங்கும் நாய் 'ஜகுவா', புலி 'ஜகுவரெத்தே'.

'அகயு' என்றால் ஆண்டு. முந்திரிக்கும் துப்பியில் அதே பெயர்தான். வருடத்துக்கு ஒருமுறை காய்க்கும் மரம் வருடக் கணக்கு ஆகிவிட்டது. போர்த்துக்கீசியத்தில் 'கஜு' ஆகி இந்தியாவுக்கு வந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் முந்திரியைக் கஜு என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தச் சொல் ஒட்டவில்லை, ஆனால் 'அன்னாசி' ஒட்டிவிட்டது. அதன் வேரும் துப்பி-குவாரானியின் 'நனா'தான். ஞேங்காத்து பேசுகிறவர் அன்னாசியை இன்றும் நனா என்பார்.

பாதிரியார்கள் நகர்த்திய சொற்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இடியோடு சேர்த்துப் பேசப்பட்ட துப்பாவை அவர்கள் கடவுள் ஆக்கினார்கள். ஞேங்காத்துவில் 'துப்பானா' கடவுள், 'துப்பாஉக்கா' கோயில், கடவுளின் வீடு. எதிர்ப்பக்கமும் ஆள் வேண்டுமே. மேல் ரியோ நெக்ரோ மக்களின் சடங்குகளிலும் தோற்றக் கதைகளிலும் நடுநாயகமான யுருப்பாரி, அகராதிகளில் 'சாத்தான்' ஆகிவிட்டார். பழைய அகராதி 'சாத்தான்' என்றால், எழுதியவரின் அங்கியைப் பாருங்கள்.

ஐரிஷிலிருந்து 'கால்யக்'. இன்று கிழவி, சூனியக்காரி. பழைய ஐரிஷில் முக்காடு போட்டவள், அதாவது கன்னியாஸ்திரீ. முக்காடு 'காலெ', அது லத்தீனின் 'பால்லியும்'. பகரம் ககரமான முதல் அடுக்குச் சொல். கன்னியாஸ்திரீயிலிருந்து முதியவளுக்கும் அங்கிருந்து கதைகளின் கிழவிக்கும் நகர்ந்தது. கார்க் மாவட்டத்தின் பேரா தீபகற்பத்தைச் சேர்ந்த 'பேராவின் கிழவி' மலைகளையே உருவாக்கியவளாகக் கதைகளில் வருகிறாள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வம் என்று பலர் கருதும் அவளுக்குப் பட்டம் மட்டும் தேவாலயம் கொடுத்தது. படி 4இல் 'காலீன்' என்பதில் பார்த்த 'காலெ' வேறு சொல், அதோடு இதற்குச் சம்பந்தம் இல்லை.

படி 7: ஊர்ப்பெயர்கள்

அயர்லாந்தில் இன்று வரைபடத்தில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் ஐரிஷ் ஒலியை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதியவை. 1824இல் தொடங்கிய நில அளவையில் ஜான் ஓ டோனவன் போன்ற அறிஞர்கள் ஊர் ஊராகப் போய் உச்சரிப்பைக் கேட்டுக் குறித்தார்கள். ஆனாலும் ஆங்கில வடிவத்தில் தகவல் தொலைந்திருக்கும். 'கில்' என்று தொடங்கும் ஊர், 'கில்' (சிறு தேவாலயம், லத்தீன் 'கெல்லா') ஆகவும் இருக்கலாம், 'கொய்ல்' (காடு) ஆகவும் இருக்கலாம். கில்டேர், கருவாலி மரத்துத் தேவாலயம். கில்மோர் என்ற பெயரோ ஓரிடத்தில் பெரிய தேவாலயம், இன்னோரிடத்தில் பெரிய காடு. லோகனிம் என்ற அரசுத் தரவுத்தளம் ஒவ்வோர் ஊருக்கும் பழைய ஆவணங்களில் உள்ள வடிவங்களைக் காட்டும். அதைப் பார்க்காமல் பொருள் சொல்ல வேண்டாம். தலைநகரே வேடிக்கை. 'டப்ளின்' என்ற ஆங்கிலப் பெயர் ஐரிஷின் 'டுவ் லின்', கருங்குளம். ஐரிஷில் அந்த நகரத்தின் பெயரோ வேறு: மூங்கில்தட்டி போன்ற படல் விரித்த ஆற்றுத்துறையின் ஊர்.

பிரேசிலில் துப்பிப் பெயர் இருந்தால் துப்பி மக்கள் இருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. கொலம்பிய எல்லையில் உள்ள யவரெத்தே ஊர், துக்கானோ, தரியானா போன்ற மக்களின் பகுதி. பெயர் பொதுமொழியில் வந்தது. இதற்கு மேல், துப்பி ஒலியோடு புதிதாகக் கோர்த்த பெயர்களும் உண்டு. பரானா மாநிலத்தின் உமுவராமா அப்படி 20ஆம் நூற்றாண்டில் உண்டானது. கோப்பகபானா கேட்க துப்பி போல இருக்கும். அது பொலிவியாவில் தித்திகாகா ஏரிக்கரை ஊரின் பெயர். அங்குள்ள மாதாவின் பெயரில் ரியோவில் சிற்றாலயம் எழுந்தது, கடற்கரைக்குப் பெயர் வந்தது.

படி 8: தமிழர்களுக்கே உரிய கண்ணிகள்

ஞேங்காத்துவில் காட்டுக்கும் இலைக்கும் 'கஆ'. நம்மிடம் 'கா' என்றால் சோலை. ஐரிஷில் தந்தை 'அஹர்', எழுத்துக்கூட்டலில் 'அத்தர்' போல இருக்கும், நம்மிடம் 'அத்தன்'. இரண்டையும் சேர்த்து ஒரு காணொளி போட்டால் லட்சம் பேர் பார்ப்பார்கள்.

சோதித்துப் பார்ப்போம். 'அஹர்' முதலில் பகரத்தோடு இருந்தது என்று படி 5இல் பார்த்தோம். அத்தனோடு உள்ள ஒற்றுமை, அந்தப் பகரம் உதிர்ந்ததால் தற்செயலாக ஏற்பட்டது. அந்தப் பக்கத்து உறவு 'பாட்டர்', 'பிதா'. 'கஆ'வின் நடுவே ஒரு குரல்வளைத் தடை (தொண்டையில் மூச்சைச் சட்டென்று நிறுத்தும் ஒலி) உண்டு, இரண்டு அசைகள். குவாரானியிலும் அதே சொல் இருக்கிறது. அதோடு, தமிழில் ககரம் வரும் இடத்திலெல்லாம் துப்பியில் ககரம் வருகிறது என்று பத்துச் சொற்களாவது ஒழுங்காகக் காட்ட முடிய வேண்டும், முடியாது. ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் அது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதுதான்.

தமிழ் வழியாக உண்மையான தொடர்பைப் பார்க்க ஆசையா? நாம் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்த சொற்களை எடுங்கள். ராஜா, ஐரிஷில் 'ரீ'. தேவன், 'டீஅ'. வீரன், 'ஃபார்' (ஆண்). இவற்றின் ஒலி மாற்றங்களை ஒழுங்காக நிறுவியிருக்கிறார்கள். நமக்கு இவை கடன்வழி உறவு, அவர்களுக்கு ரத்த உறவு.

பழைய ஆள் சொன்னார் என்பதும் சான்று ஆகாது. 908இல் போரில் இறந்த கேஷல் அரசரும் ஆயருமான கொர்மக்கின் பெயரால் வழங்கும் சொல்விளக்க நூல் ஒன்று உண்டு. ஐரிஷ் சொற்களைத் துண்டுபோட்டு லத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்று ஒட்டும். பழைய சொற்களும் அரிய கதைகளும் கிடைக்கும் புதையல். வேர் விளக்கங்களை மட்டும் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கை பழக

ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு வரி எழுதுங்கள்: அடிப்படை வடிவம், மிகப் பழைய சான்றும் அதன் காலமும், ஒலி மாற்றங்கள், பொருள் மாற்றம். எந்த வரிக்கு ஆதாரம் இல்லையோ அது காலியாகவே இருக்கட்டும்.

தொடங்க ஐந்து சொற்கள். ஐரிஷில் 'ல்யவர்' (புத்தகம்), 'சகர்த்' (குருவானவர்): இரண்டும் லத்தீன், மூலச்சொல்லை நீங்களே பிடியுங்கள். ஞேங்காத்துவில் 'கஆ'வோடு 'வேரா' சேர்ந்தால் என்ன நிலம் என்று பாருங்கள். பிரேசிலியப் போர்த்துக்கீசியத்தில் மறுபடி வளர்ந்த புதர்க்காட்டுக்கு அந்தப் பெயர் உண்டு. அர்ஜென்டீனா எல்லையின் இகுவாசு அருவியைப் பிரியுங்கள்; முதல் பாதிக்குத் துப்பியின் அந்த நடு உயிர் மட்டுமே நிற்கும், அது தனியாகவே ஒரு சொல். ஐந்தாவது, பிரிட்டன் அரசியலின் 'டோரி'. 17ஆம் நூற்றாண்டில் நிலம் இழந்து காட்டுக்குப் போன ஐரிஷ் கொள்ளையர்களை அப்படி அழைத்தார்கள். அங்கிருந்து ஆங்கில நாடாளுமன்றத்துக்கு அது எப்படிப் போனது என்று தேட, 1679இல் தொடங்கிய வாரிசுரிமைத் தகராற்றிலிருந்து ஆரம்பியுங்கள்.